கடித்துப் பார்த்த மெழுகுதிரி

சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்கிய மனிதன் நான். விவசாயிகளிடம் நெல் வாங்கும் களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வையாளர் உத்தியோகம். அறுவடைக் காலத்தில் படுவான்கரை வயல் வட்டைகளிலிருந்து உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல் மூட்டைகள் வந்து வரிசையில் நிற்கும். மேல் மூட்டை காய்ந்திருக்கும். அடி மூட்டை குளித்துவிட்டு வந்திருக்கும். ஈரம் அளக்க ஒரு கருவி தந்திருந்தார்கள். அந்தக் கருவியையும் நான் நம்புவதில்லை. ஒரு நெல்லை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பேன். ‘டிக்’ என்று உடைந்தால் காய்ந்த நெல். நசிந்தால் ஈரம். ஈரமென்றால் சொல்வதற்கு என்னிடம் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது: “படங்கில போட்டுக் காயவைச்சிட்டுக் கொண்டு வாங்க.” (தார்ப்பாயை நாங்கள் படங்கு என்போம்.) அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்தது.

இந்த மாதிரி உத்தியோகத்தில் ஒரு கரைச்சல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றலாம். குணத்தைக் கழற்ற முடியாது. நான் பாலைச் சந்தேகித்தேன். மீனின் செவுளைச் சந்தேகித்தேன். மின்சாரம் நின்றால், தெருவுக்கே நின்றதா எங்கள் வீட்டுக்கு மட்டும் நின்றதா என்று வெளியே போய்ப் பார்த்தேன். என் மனைவி றெஜி ஒருமுறை சொன்னாள்: “நீங்க சுவரில சாயிறதெண்டாலும் தட்டிப் பாத்துட்டுத்தான் சாய்வீங்க.” (தட்டிப் பார்த்தேன். உள்ளே கறையான்.)

இந்தக் குணம் என்னை ஒரு கோயில் வாசலில், கன்னியாஸ்திரி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வாய் நிறைய மெழுகோடு கொண்டுபோய் நிறுத்திய கதைதான் இது.

அப்போது எங்கள் கடைசி மகள் அனிட்டாவுக்கு ஒன்பது வயது. முதல் நன்மை எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். (பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்குவதை அப்படிச் சொல்வோம்.) வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. காலுக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கி, அதைப் பெட்டியோடு தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். பிள்ளைகள் எல்லாரும் எரியும் மெழுகுதிரியைப் பிடித்தபடி கோயிலின் நடுவால் நடந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். அதற்குப் பயிற்சி நடந்தது. முதல் நாள் பயிற்சியிலேயே அனிட்டா இருமினாள்.

அவளுக்குச் சின்னதிலிருந்தே மூச்சு இழுப்பு இருந்தது. புகை பட்டால் இருமுவாள். இருமல் தொடங்கினால் இலேசில் நிற்காது. இரண்டாம் நாளும் இருமினாள். மறைக்கல்வி படிப்பித்த சிஸ்டர் நல்லவர், நல்ல மனத்தோடுதான் ஒரு முடிவு சொன்னார்: “பிள்ளை திரியைப் பிடிக்கட்டும். ஆனா கொளுத்த வேணாம்.”

அனிட்டா வீட்டுக்கு வந்து அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். சப்பாத்துப் பெட்டியை மூடி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்து கேட்டாள்:

“அப்பா, எல்லார்ட திரியும் எரியும். என்ட மட்டும் எரியாது. அப்ப நான் என்னத்துக்கு அதப் பிடிக்கிற?”

பதில் இல்லாத நேரங்களில் நான் ஒரு குற்றவாளியைத் தேடுவேன். இந்தமுறை அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. குற்றவாளி பக்கத்து ஒழுங்கையில் இருந்தார்.

அலோசியஸ் என் மனைவியின் அண்ணன். எனக்கு மச்சான். நான் கலியாணம் முடித்து றெஜி வீட்டுக்கு வந்தேன். அவர் கலியாணம் முடித்துப் பக்கத்து ஒழுங்கைக்குப் போனார். போனாரே தவிர, அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்பதை விடவில்லை. இரும்புக்கடை வைத்திருந்தார். அதோடு ஓர் அலுமினிய அச்சும் வைத்திருந்தார். அந்த அச்சில் பரபின் மெழுகை உருக்கி ஊற்றி, கோயிலின் பெருநாள்களுக்கெல்லாம் அவர்தான் திரி செய்து கொடுப்பார். முதல் நன்மைக்கும் அவருடைய திரிதான். அவருடைய மகன் றொஷானும் அந்த முறை முதல் நன்மை எடுத்தான். வரிசையில் அனிட்டாவுக்கு இடது பக்கம் அவன்தான்.

நான் பரபினைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிப்பு என்னிடம் உள்ள கெட்ட பழக்கங்களில் ஒன்று. பரபின் என்பது பெற்றோலியத்தின் மிச்சம் என்று வாசித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பிள்ளையின் கையில் டீசலின் ஒன்றுவிட்ட தம்பியையா கொளுத்திக் கொடுக்கிறார்கள்? மேலும் வாசித்தேன். சோயா அவரை எண்ணெயிலிருந்து ஒரு மெழுகு செய்கிறார்களாம். புகை குறைவாம். கொழும்பில் கிடைக்கிறதாம். இதில் எந்தச் செய்தியையும் நான் சந்தேகிக்கவில்லை. எனக்குச் சாதகமான செய்திகளை நான் ஒருபோதும் கடித்துப் பார்த்ததில்லை.

“சோயாவா?” என்றாள் றெஜி. “கறி வைக்கிற சோயா மீட்டா?”

“அதே அவரைதான். ஆனா இது மெழுகு.”

“கோயிலுக்குள்ள கறி மணக்காதா?”

அடுத்த நாளே சிஸ்டரிடம் போய்ப் பேசினேன். அனிட்டாவுக்கு மட்டும் வேறு திரி கொடுத்தால் சரிவராது, பக்கத்துப் பிள்ளையின் திரியும் புகைக்கும், ஆகவே எல்லாப் பிள்ளைகளுக்கும் நானே சோயா மெழுகில் திரி செய்து தருகிறேன் என்றேன். சிஸ்டர் சம்மதித்தார். ஒரு நிபந்தனை: முதல்நாளான சனிக்கிழமை பின்னேரத்துக்குள் என் திரி தயாராக இல்லாவிட்டால் வழக்கமான திரிதான், அனிட்டா கொளுத்தாமல் பிடிக்க வேண்டும்.

மச்சானுக்குச் செய்தி போனது. அன்று பின்னேரமே வந்து வாசலில் நின்றார்.

“கேள்விப்பட்டன், மச்சான். நல்ல விசயம். என்ட அச்ச வேணுமெண்டா எடுங்க.”

எனக்கு முதல் மணி அடித்தது. ஒரு மனிதனின் பிழைப்பில் கை வைக்கிறோம். அவன் அச்சைத் தருகிறேன் என்கிறான். ஏன்? அச்சில் பழைய பரபின் ஒட்டியிருக்கும், அது என் சோயாவைக் கெடுக்கும், அதனால்தான். “வேணாம் மச்சான், நான் பைப்பில செய்யப் போறன்” என்றேன். பிவிசி பைப்பை அவருடைய கடையில் வாங்கவில்லை. பஸ் ஏறிப் போய் வேறு கடையில் வாங்கினேன்.

மெழுகு கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. எடுக்கப் போனேன். கவுண்டரில் ஓட்டமாவடிப் பொடியன் ஒருவர். பார்சலின் மூலை கிழிந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் தெரிந்தன. அவர் பார்சலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சேர், இது என்ன சாமான்?”

“சோயா மெழுகு.”

“சோயாவில மெழுகா?”

“ஓம்.”

“சேர், குறை நினைக்காதீங்க. இந்தக் காலத்தில வெள்ளையா என்ன வந்தாலும் அதுக்குப் பின்னால பொலிஸ் வருது.”

அவர் சந்தேகித்தது எனக்குப் பிடித்திருந்தது. தொழில் தெரிந்தவர். அவருடைய ஐயத்தைத் தீர்ப்பதற்காக ஒரு செதிலை எடுத்து, நெல்லைக் கடிப்பதுபோலவே கண்ணை மூடிக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். நசிந்தது.

அவர் இரண்டடி பின்னால் போனார். “சேர், இஞ்ச வைச்சே பாவிக்காதீங்க” என்றார்.

பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. இந்த மெழுகு கண்ணாடிக் கிளாசுக்குள் ஊற்றுவதற்கு ஏற்றது என்று அதில் எழுதியிருந்தது. நான் சிரித்தேன். மெழுகு விற்கிறவன் அடுத்ததாகக் கண்ணாடிக் கிளாஸ் விற்கப் பார்க்கிறான். கடதாசியை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். றெஜியின் பால் காய்ச்சும் சட்டியில் மெழுகை உருக்கினேன். பைப்புகளை நீளவாக்கில் பிளந்து, றப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, நடுவில் திரிநூலைப் பிடித்து ஊற்றினேன். அனிட்டா நூலைப் பிடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

“அப்பா, இருமல் வரல்ல.”

“வராது. இது அவரைக்காய்.”

உண்மையைச் சொன்னால் அந்த நிமிடத்தில் சேர்ட் கையால் கண்ணைத் துடைத்தேன். (புகையால் அல்ல.)

சனிக்கிழமை காலை பைப்புகளைக் கழற்றினோம். ஆட்டுப்பால் நிறத்தில் வழுவழுவென்று வந்தன. ஒன்றைக் கையில் நிமிர்த்திப் பிடித்தேன். மெல்லத் தலையைச் சாய்த்தது, பாடம் கேட்டுத் தூக்கம் வந்த பிள்ளை மாதிரி. விரலால் அமத்தினேன். பதிந்தது. கடித்தேன். நசிந்தது.

இருபத்தைந்து வருடம் நெல்லோடு கிடந்த மூளைக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். ஈரம். அவரையில் ஈரம் நின்றுவிட்டது. ஈரமென்றால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மண் முற்றத்தில் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படங்கை விரித்தேன். கறுப்புப் படங்கு, சூட்டை நன்றாகப் பிடிக்கும். திரிகளை வரிசையாக அடுக்கினேன். நெல்லாக இருந்தால் காலால் கிளறியும் விட்டிருப்பேன்.

அந்த நேரம் மச்சான் வேலிக்கு வெளியால் சைக்கிளில் போனார். காலை ஊன்றி நின்று எட்டிப் பார்த்தார்.

“மச்சான், அத நிழல்ல வையுங்க.”

“ஏன்?”

“சும்மா. நிழல்ல வையுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. என் திரி காயக் கூடாது. ஈரத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும், கொளுத்தினால் எரியக் கூடாது, சனம் சிரிக்க வேண்டும், அடுத்த பெருநாளுக்கு மறுபடியும் பரபின். நான் படங்கின் ஓரத்தில் வேம்பின் நிழல் பட்டிருந்த இரண்டு திரியையும் எடுத்து வெயிலில் வைத்தேன். பிறகு றிபன் வாங்க டவுனுக்குப் போனேன். றெஜியும் அனிட்டாவும் கோயில் பயிற்சிக்குப் போயிருந்தார்கள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது திரிகளைக் காணவில்லை.

சரியாகச் சொன்னால், மெழுகைக் காணவில்லை. திரிநூல்கள் இருந்தன. நான் அடுக்கிய அதே வரிசையில், அதே இடைவெளியில், படங்கின் மேல் நேராக, சுத்தமாகக் கிடந்தன.

அறிவுள்ள எவனும் அந்த இடத்தில் மேலே பார்த்திருப்பான். அங்கே ஒரு சூரியன் இருந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆடு வேலியோரம் நின்றது. அதைப் பிடித்து வாயைத் திறந்து மணந்தேன். பலாவிலை மணம்தான் வந்தது. ஆடு விடுதலையானது. இனி மிச்சமாக ஒருவர்தான் இருந்தார்.

நூல்களைக் கையில் பொத்திக்கொண்டு பக்கத்து ஒழுங்கைக்கு நடந்தேன். மச்சான் வீட்டில் றொஷானின் நன்மைக்காக அவருடைய மனைவியின் ஆட்கள் கல்குடாவிலிருந்து வந்திருந்தார்கள். குளிர் போகாத பெரிய வெள்ளை றெஜிபோம் பெட்டி நிறைய ஐசும் பாரை மீனும் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாரும் பாயில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க மச்சான், கை கழுவுங்க” என்றார் மச்சான்.

“நான் சாப்பிட வரல்ல. எங்க?”

“எது எங்க?”

“திரி.”

“உங்கட கையில இரிக்கிறது என்ன?”

“இது நூல். மெழுகு எங்க?”

பாயில் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். மச்சானின் மாமனார், கல்குடாவில் கரைவலை வைத்திருப்பவர், முள்ளை எடுத்தபடி கேட்டார்: “என்ன தம்பி, கள்ளனா?”

“ஓம் மாமா. மெழுகத் தூக்கிட்டு நூல விட்டுட்டுப் போயிரிக்கான்.”

“ஒள்ளுப்பம் பொறுங்க. திரியோட தூக்காம, ஏன் மெனக்கெட்டு நூல உருவி வைச்சிட்டுப் போனவன்?”

இந்தக் கேள்விக்கு நான் வழியிலேயே விடை கண்டுபிடித்திருந்தேன். “நூல் தேவைப்படாதவன்தான் நூல விட்டுட்டுப் போவான், மாமா. நூல் சொந்தமா வைச்சிருக்கிறவன்.” இதைச் சொல்லிவிட்டு, சுவரோரம் தொங்கிய மச்சானின் திரிநூல் கட்டையைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

மாமனார் தலையாட்டினார். “உங்கட ஊர்க் கள்ளனுகள் நல்ல ஒழுங்கானவனுகள், தம்பி. எங்கட பக்கத்தில வலையையும் கொண்டு போயிருவானுகள்.”

மச்சான் எழும்பினார். கையைக் கூடக் கழுவவில்லை. “வாங்க, போய்ப் பாப்பம்” என்றார். அவர் பின்னால் அவருடைய மனைவி, மாமனார், மாமியார், றொஷான் என்று ஒரு ஊர்வலமே எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த நேரம் பயிற்சி முடிந்து றெஜியும் அனிட்டாவும் வந்து சேர்ந்தார்கள். நூல்களைப் பார்த்ததும் அனிட்டாவின் முகம் போன போக்கை என்னால் இப்போதும் நினைக்க முடியாது. வேம்படிக்குப் போய்க் குந்தினாள். குந்தியவள் வழுக்கி விழுந்தாள்.

“அப்பா,” என்றாள் கீழே கிடந்தபடியே, “இஞ்ச மெழுகு கிடக்கு.”

படங்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சரிந்து கிடந்தது. திரிகள் வெயிலில் உருகி, தேங்காயெண்ணெய் மாதிரித் தெளிவாக, படங்கின் மடிப்பு வழியே ஓடி, வேம்பின் நிழலுக்குப் போய், அங்கே ஒரு பெரிய அப்பம்போல வெள்ளையாக இறுகிக் கிடந்தன.

எல்லாரும் குனிந்து பார்த்தோம். கடைசியில் மச்சான்தான், சோறு காய்ந்த கையால் காட்டிச் சொன்னார்:

“நிழல்ல வையுங்க எண்டன். நீங்க கேக்கல்ல. அது கேட்டிருக்கு.”

மாமனார் சிரிக்கத் தொடங்கினார். அவர் இருமிச் சிரித்து முடிக்கும்வரை நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடு என்னைப் பார்க்கவில்லை. அதற்கும் மனம் நொந்திருக்கும்.

“உருகுமெண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?” என்று மச்சானிடம் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்? மேல மின்சாரக் கம்பியில காகம் இருந்திச்சு. திரியில பீச்சிரும் எண்டுதான் சொன்னன்.”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அனிட்டா முந்திக்கொண்டாள்: “மாமா, பின்னேரம் சிஸ்டர் வருவா. அதுக்குள்ள ஏலுமா?”

மச்சான் அவளைப் பார்த்தார். பிறகு போய் அச்சை எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்பத்தைக் கிளப்பி, மண்ணைச் சுரண்டி, மறுபடி உருக்கி, றெஜியின் தேங்காய்ப்பால் பிழியும் துணியால் வடித்தோம். (அந்தச் சட்டியும் துணியும் அதன்பின் சமையலுக்குத் திரும்பவில்லை. அது தனி வழக்கு.) அச்சில் ஊற்றப் போனோம். மச்சானும் மெழுகை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது நிக்காது, மச்சான். ரெண்டு பிடி பரபின் போட்டா நிக்கும்.”

“போடப்படாது.”

“புள்ளைக்காகத்தான் சொல்றன்.”

“நானும் புள்ளைக்காகத்தான் சொல்றன்.”

அனிட்டா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சான் சரி என்றார். எனக்கு அந்தச் ‘சரி’ பிடிக்கவில்லை. மிகவும் சுருக்கமாக இருந்தது.

கல்குடா மாமனார்தான் வழி சொன்னார். மீன் பழுதாகாமல் நிற்கிறது என்றால் திரியும் நிற்கும். பாரையை வெளியே எடுத்து, அந்த றெஜிபோம் பெட்டியில் புது ஐஸ் போட்டு, திரிகளைச் சொப்பிங் பேக்கில் சுற்றி உள்ளே அடுக்கினோம். பின்னேரம் சிஸ்டர் வந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லுப்போல இருந்தது. திருப்தியோடு போனார். மூக்கை மட்டும் ஒருமுறை சுளித்தார்.

பெட்டி அன்றிரவு மச்சான் வீட்டில் இருந்தது, ஐஸ் அவர்களிடம்தான். இந்த வசனத்தில் பிழை ஒன்றும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. பெட்டி அங்கே, அச்சு அங்கே, பரபின் அங்கே, என் மகளின் மூச்சும் அங்கே.

ஞாயிறு காலை கோயில் வாசலில் பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குத் திரி கொடுத்தார்கள். அனிட்டாவின் திரியை நான் வாங்கினேன். கையில் குளிர்ந்து, கம்புபோல நிமிர்ந்து நின்றது. நேற்றுத் தலை சாய்ந்த மெழுகா இது? சுற்றுமுற்றும் பார்த்தேன். தூணின் பக்கம் திரும்பி, நடுவில், கடைவாய்ப் பல்லால் கடித்தேன்.

‘டிக்.’

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தம் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஐசினால் இறுகியதா, பரபினால் இறுகியதா? இன்னொருமுறை கடித்துப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தபோது பின்னால் சிஸ்டரின் குரல் கேட்டது.

“என்ன செய்யிறீங்க?”

“சிஸ்டர்... சும்மா பாத்தனான்.” வாய்க்குள் மெழுகு இருந்ததால் அது வேறு ஏதோ மொழிபோலக் கேட்டது.

“நன்மை எடுக்க முதல் ஒரு மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடப்படாது. தெரியும்தானே?”

“மெழுகு சாப்பாடு இல்ல, சிஸ்டர்.”

“சோயா எண்டு நீங்கதானே சொன்னீங்க.”

அந்தப் பூசையில் நான் நன்மை எடுக்கவில்லை.

திரிகளைக் கொளுத்தினார்கள். பிள்ளைகள் நடுவால் நடந்து போனார்கள். அனிட்டாவின் திரியும் எரிந்தது. நான் அவளுடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் வருமுன் தோள் ஒருமுறை உயரும். உயரவில்லை. பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பங்குச் சுவாமி பிரசங்கத்தைத் தொடங்கினார். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட விடயம், உலகம் எவ்வளவு வளைத்தாலும் வளையாமல் நிமிர்ந்து நின்று எரிவது எப்படி என்பது.

ஐசின் குளிர் எவ்வளவு நேரத்துக்கு நிற்கும் என்பதையும் சுவாமியின் பிரசங்கம் எவ்வளவு நேரத்துக்கு நீளும் என்பதையும் நாங்கள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆவணி மாத வெயில், கோயில் நிறையச் சனம். முதலில் கடைசிப் பெண்பிள்ளையின் திரி தலை சாய்ந்தது. பிறகு அதற்கு அடுத்தது. சிஸ்டர் ஓடி வந்து, மிளகாய்க் கன்றுக்குக் கம்பு கட்டுகிறவர்போல ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். நிமிர்த்தியவை மறுபக்கம் சாய்ந்தன. சுவாமி பிள்ளைகளைப் பார்த்தபடிதான் பேசிக்கொண்டிருந்தார். ‘நிமிர்ந்து’ என்ற சொல்லுக்கு வந்தபோது அவருடைய குரல் ஒருமுறை நடுங்கியது. கையால் வாயை மூடி ஜெபிப்பதுபோல நின்றார்.

அனிட்டாவின் திரி மற்றவைபோல மெல்ல வளையவில்லை. நான் கடித்த இடத்தில் மடிந்தது. வாசல் கதவு திறப்பதுபோல, நேராக இடது பக்கம் மடிந்து, சுடரோடு போய் றொஷானின் மூக்குக்கு முன்னால் நின்றது.

றொஷான் இருமினான்.

நல்ல ஆரோக்கியமான பிள்ளை. வாவிக்குள் குதித்தால் மற்றக் கரையில் எழும்புகிறவன். அவன் காணிக்கை எடுக்கும்வரை இருமினான். அனிட்டா தன் திரியைத் தட்டுபோலக் கிடையாகப் பிடித்தபடி, ஒரு தரமும் இருமாமல், அசையாமல் நின்றாள். அந்த முகத்தில் இருந்தது பக்தி என்று சுவாமி நினைத்தார். வெற்றி என்று எனக்குத் தெரியும்.

பூசை முடிந்து வெளியே வந்ததும், சனம் வாழ்த்துச் சொல்ல நெருங்கும் முன், மச்சான் என்னைக் கையில் பிடித்து மதிலோரம் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய முகத்தில் நான் இதுவரை காணாத ஒரு களை இருந்தது. பிறகுதான் விளங்கியது, அது என்னுடைய முகத்தில் வழக்கமாக இருப்பது.

“மச்சான், நேராக் கேக்கிறன். நீங்க எந்தப் பக்கத்தில கடிச்சீங்க?”

“என்ன?”

“சிஸ்டர் சொன்னா. அனிட்டாட திரிய நீங்க கடிச்சீங்களாம். இடப் பக்கமா, வலப் பக்கமா?”

“அதப் பாத்தா கடிக்கிற?”

“அப்ப எப்பிடி அது சரியா என்ட மகன்ட பக்கம் சாஞ்சது? எத்தின பக்கம் இரிக்கு சாயிறதுக்கு?”

“முதல்ல நீங்க சொல்லுங்க. ராவு அதுக்குள்ள பரபின் போட்டீங்களா?”

“முதல்ல நீங்க சொல்லுங்க.”

இத்தனை வருடமாகியும் இரண்டு பேரும் சொல்லவில்லை.

அனிட்டா இப்போது உயர்தரம் படிக்கிறாள். இழுப்பு தானாகவே விட்டுப்போய்விட்டது. அன்றைய படம் இரண்டு வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது: ஒரு வரிசைப் பிள்ளைகள், வளைந்த திரிகள், நடுவில் பல்லடையாளத்தோடு மடிந்த ஒன்று, அதற்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி றொஷான். எங்கள் குடும்பத்தில் எது காணாமற்போனாலும் — பூட்டின் திறப்பு, கண்ணாடி, ஒருமுறை மோட்டார் சைக்கிள் — யாராவது ஒருவர் முதலில் கேட்பது, “நூல் கிடக்கா பாருங்க” என்பதுதான். கல்குடாவிலும் இப்படித்தான் கேட்கிறார்களாம்.

மச்சான் ஒவ்வொரு நத்தாருக்கும் (கிறிஸ்மசுக்கு) எங்களுக்கு ஒரு திரி அனுப்புவார். வெள்ளைத் திரி, நல்ல நிமிர்வு, சிவப்பு றிபன். சோயாவா பரபினா என்று ஒரு சொல் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். வாங்கி, நன்றி சொல்லி, குசினிக்குப் பின்னால் யாரும் இல்லாத இடத்துக்கு எடுத்துக்கொண்டு போவேன்.

வாயில் வைத்ததும் உள்ளேயிருந்து றெஜியின் குரல் வரும்:

“டிக்கெண்டுதா?”